முப்பத்தைந்தில் ஒரு பங்கு

சரணடைகிற ஆட்களை
எந்தக் கம்பெனியும் விற்பதில்லை.
பெட்டிக்குள் வந்த ஒன்பது பேரும்
சுட்டுக்கொண்டே வந்தார்கள்.
முழங்காலில் ஒருவன், குப்புறப் படுத்து ஒருவன்,
குண்டு எறியக் கையைப்
பின்னால் கொண்டுபோய் அப்படியே நின்றுவிட்ட ஒருவன்.
எனக்கு வேண்டியதோ
நாற்பத்திரண்டு பிப்ரவரியில்
ஃபேரர் பார்க் திடலில்
துப்பாக்கியைக் கீழே வைக்கிற ஒன்பது பேர்.

பாத்திரம் கழுவும் சோப்பில் முதல் குளியல்.
அச்சின் எண்ணெய் போகாவிட்டால்
சாயம் ஒட்டாது, பின்னால் தோலாக உரியும்.
பழைய டூத்பிரஷ்ஷால் கக்கம்வரை தேய்க்கிறேன்.

பகலில் பல் செய்பவள் நான்.
நொவீனாவில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில்,
யாருடையதென்றே தெரியாத கடைவாய்ப் பற்கள்.
ரெசின் எனக்குப் புதிதில்லை.
அதன் தூசி நெஞ்சுக்குள் என்ன செய்யும் என்பதும்.
முகக்கவசம் போட்டு, நீரில் நனைத்துத்தான் உரசுவேன்.

மெல்லிய ரம்பத்தால் தோளில் அறுத்தேன்.
கொதித்த நீரில் ஒரு நிமிடம் கிடந்தால்
எந்தக் கையும் வளைகிறது.
அரை மில்லிமீட்டர் துளை, பித்தளைக் கம்பி, சூப்பர் குளூ.
ஐந்தாமவன் இடுப்பில் என் கட்டைவிரல் ஒட்டிக்கொண்டது.
பிய்த்தெடுத்தபோது
அவன் சட்டையில் என் ரேகை.
இருக்கட்டும்,
பார்க்கிறவர்கள் கசங்கல் என்று நினைப்பார்கள்.

‘சதை’ என்று பெயர் ஒட்டிய குப்பியில் இருப்பது
இளஞ்சிவப்பு. எங்கள் லேபில்
அது ஈறின் நிறம்.
இவர்களுக்கு நானே கலந்தேன்,
காவியும் கரும்பழுப்பும் துளி நீலமும்.
என் மணிக்கட்டில் தீற்றிப் பார்த்தேன்,
தீற்றியது காணாமல் போகும்வரை.
பாசிப்பயறு அளவு முகத்தில்
வெயிலை ஒரு பக்கம், தூக்கமின்மையை ஒரு பக்கம்.

காரிடாரில் ஸ்ப்ரே அடித்தால்
எதிர்வீட்டு மேடம் கோ கதவைச் சாத்துவார்.
ஏழாம் மாதம் அவர் காகிதம் எரிக்கையில் நான் சாத்துவேன்.
இதுவரை சண்டையில்லை.

ஆனாலும் நான் வளைத்த கைகள் எல்லாம்
மார்க்கெட் பையை இறக்கி வைக்கிற மாதிரியே இருந்தன.

வெள்ளி இரவு யுகேஷ் வந்தான்,
தெக்கோங் தீவின் மண்ணோடும் ஒரு மூட்டை அழுக்கோடும்.
மேசைமேல் குனிந்தான்.
“யாரும்மா துப்பாக்கிய இப்படி வைப்பாங்க?”
“நீ எப்படி வைப்பே?”
கொஞ்சம் யோசித்தான்.
“கீழ வைக்க யாரும் சொல்லித் தரல.
தவறி விழுந்தா இருபது பம்பிங்.
காட்டுல தூங்கும்போதுகூட வாரைக் கையில சுத்திக்கணும்.”

குடையை எடுத்துக்கொண்டு
சமையலறைத் தரையில் மண்டியிட்டான்.
முதல்முறை போட்டான், சத்தமாக.
அடுத்தமுறை வைத்தது அணிவகுப்பில் வைப்பது போல.
மூன்றாம் முறை
குடை தரையைத் தொட்டுவிட்ட பிறகும்
இரண்டு விரல் மட்டும் பிடியிலேயே இருந்தன.
கண் எங்கோ இருந்தது.
வாஷிங் மெஷினில் இன்னும் எத்தனை நிமிடம் என்று
பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்படியே இரு.”
“காலு மரத்துப்போச்சும்மா.”
போனில் நாலு படம் எடுத்தேன்.

அவன் விரலின் அகலத்தை
முப்பத்தைந்தால் வகுத்தால் அரை மில்லிமீட்டர்.
பல் வடிக்கும் மெழுகில் செதுக்கினேன்.
இருமுறை உடைந்தது. ஒருமுறை
மூச்சு விட்டதில் பறந்துபோனது, இன்னும் கிடைக்கவில்லை.

தரைக்குக் காய்ந்த தேயிலைத் தூள்,
கீழ்த்தளத்துப் பூந்தொட்டியின் சலித்த மண்.
மழை நாளில் வார்னிஷ் அடித்தது என் தப்பு.
மூன்றாமவன் தோளில் வெள்ளையாகப் பூத்துவிட்டது.
துடைக்கவில்லை.
திடலில் அன்று புழுதி இல்லாமலா இருந்திருக்கும்?

ஞாயிறு மாலை யுகேஷ் கிளம்பும்போது
மறுபடி மழை. குடையைக் கொண்டுபோய்விட்டான்.

எட்டுப் பேர் வைத்துவிட்டார்கள்.
ஒன்பதாமவன் ஐஸ்கிரீம் டப்பாவில்
குப்புறப் படுத்து
இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறான்.
கெட்டில் கொதிக்கட்டும்.